ராணிப்பேட்டை வீட்டுக் குழு: அப்பா மலை ஏறலாமா?

ரேவதி: சனிக்கிழமை அப்பா அம்மாவ இங்க கலிஃபோர்னியாவுல டயாப்லோ மலைப் பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போறோம். 8 கிலோமீட்டர். சுத்திட்டு கிளம்புன எடத்துக்கே வந்துடலாம். உச்சி 3,849 அடி, அங்க போகல. ஏப்ரல்ல புல்வெளி பச்சையா இருக்கு, மே கடைசியில காஞ்சு பொன்னிறமாயிடும். அதான் இப்பவே. உங்கள கேட்டுட்டுதான் போகணும்னு அம்மா சொல்றாங்க

கலா அத்தை: 8 கிலோமீட்டரா

கலா அத்தை: முட்டி வலின்னு போன மாசம்தான எண்ணெய் குடுத்து விட்டேன்

செந்தில்: சித்தப்பா சோளிங்கர்ல 1,305 படி ஏறுனவரு

கலா அத்தை: அப்ப வயசு 50. இப்ப 67

அம்மா: அவர் ஏறுனாரு. மாமியார பாத்துக்கிட்டு நான்தான் கீழயே உக்காந்திருந்தேன்

பெரியப்பா: ரேவதி, நீ அனுப்புன மலை போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன்மா. புல்லுக்கு நடுவுல நிக்கிறது ஓக் மரம்தானே? 38 வருஷம் தோல் ஷாப்ல இருந்தும் அத நேர்ல பாத்ததில்ல. நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் ஊறவச்ச மாதிரி வெள்ளைக்காரங்க ஓக் பட்டையப் போட்டாங்க. அந்தத் துவர்ப்புதான் தோல அழுகாம காப்பாத்துது. கொட்டையிலயும் அதே துவர்ப்பு. அந்த ஊர்ப் பூர்வகுடிங்க அத இடிச்சு மாவாக்கி, தண்ணி ஊத்தி ஊத்தித் துவர்ப்பப் போக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்காங்க. தம்பிய ஒரு கொட்டை பொறுக்கிட்டு வரச் சொல்லு

செந்தில்: அப்பா, அவ கேட்டது முட்டிய பத்தி

ரேவதி: கொட்டை ஐப்பசி வாக்குலதான் விழும் பெரியப்பா. பட்டைய போட்டோ எடுத்து அனுப்புறேன். பாய்சன் ஓக்னு ஒரு செடிக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். பேர்ல மட்டும்தான் ஓக். மூணு மூணா இலை, மேல பட்டா அரிச்சுக் கொப்பளிக்கும்

பெரியப்பா: நம்ம சேராங்கொட்டை இனம்மா அது. சலவைத் துணிக்குக் குறி வைப்பாங்களே. மாமரமும் அதே குடும்பம்தான்

கலா அத்தை: மாமரம்னதும் ஞாபகம் வருது. தோட்டத்துல காய் பறிச்சாச்சு. மல்லிகா, உனக்குத் தொக்கா ஆவக்காயா

அம்மா: எங்க பங்கு எத்தனைன்னு எண்ணுனீங்களா அண்ணி

கலா அத்தை: பாகம் பிரிக்காத தோட்டத்துல எப்படி எண்ணுறது

செந்தில்: அத்தை அது அப்புறம். முட்டி

கலா அத்தை: ஏத்தத்துல ஒண்ணும் ஆகாதுடா. இறக்கம்தான் முட்டிய வாங்கும். சோளிங்கர்ல பாதி படி இறங்குறதுக்குள்ள அவனுக்குக் கால் கிடுகிடுன்னு ஆடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னான். அடிவாரம் வரைக்கும் நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்

அம்மா: எங்கிட்ட சொல்லவே இல்ல

ரேவதி: அப்ப சுத்துற திசைய மாத்திடவா? செங்குத்தான பக்கமா ஏறி, சாய்வான பக்கமா மெதுவா இறங்கிடலாம். ரெண்டாவது கிலோமீட்டர்ல மாட்டுக் கேட் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள வலிச்சா திரும்பிடலாம்

கலா அத்தை: கோல் ரெண்டு கையிலயும் இருக்கணும்

அம்மா: நான் கேட் வரைக்கும்தான்

அப்பா: ஷூ வாங்கியாச்சு

பெரியப்பா: தம்பி, பட்டைய கிட்டப் போய் எடு. வெடிப்பு தெரியணும்

கலா அத்தை: தொக்கா ஆவக்காயா, யாரும் சொல்லல