அம்முச்சியோட பித்தளைப் பட்டைப் பெட்டி: என்ன மரம், என்ன விலை பெறும்?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வணக்கமுங்க. அம்முச்சி (அம்மாவோட அம்மா) போன தை மாசம் தவறிட்டாங்க. பரண்ல இருந்து ஒரு மரப்பெட்டி இறக்குனோம். ரெண்டு ஜாண் நீளம், மூடி கோயில் கூரை மாதிரி நாலு பக்கமும் சரிஞ்சு உச்சியில கூடுது. மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை. உள்ளே ஒரு பழைய பத்திரம், அவ்வளவுதான். நகை ஒண்ணும் இல்லீங்க, தேடியாச்சு! பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர், "பலா மரம், பித்தளைக்குத்தான் காசு"ன்னு மூவாயிரம் சொல்றார். நாளைக்கு வண்டியோட வர்றாராம். குடுத்திடலாமா? சித்தி வேற பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

தலச்சேரி மருமகன்:
முதல்ல சித்தி கையில இருந்து புளியை வாங்குங்க! மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நீங்க சொல்றதைப் பார்த்தா நெட்டூர் பெட்டி மாதிரி இருக்கு. தலச்சேரி பக்கத்துல நெட்டூர்னு ஊர், அந்தப் பேர்தான் பெட்டிக்கும். நகையும் பத்திரமும் வைக்கிறது. ஆனா இதே அச்சுல இப்பவும் புதுசா செஞ்சு விக்கிறாங்க, அதனால உருவத்தை வெச்சு மட்டும் வயசு சொல்ல முடியாது.

தச்சன் பேரன்:
பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்க. அங்கே பாலிஷ் இருக்காது. ஈரத்துணியால லேசா ஒத்துனா ரேகை தெரியும். ஊதா கலந்த தவிட்டு நிறத்துல கருங்கோடு ஓடினா ஈட்டி (நம்ம பக்கம் மலையாளத்துல வீட்டிம்பாங்க). பலா புதுசுல மஞ்சள், வயசானா செம்பழுப்பாயிடும், மேல கருப்புப் பூச்சு இருந்தா ஈட்டின்னே ஏமாந்துடலாம். சுரண்டிப் பார்க்காதீங்க.

திருகாணி இருக்கா? தலையில கூட்டல் குறி மாதிரி வெட்டு இருந்தா அது 1930களுக்குப் பிந்தினது. ஒரு வெட்டு மட்டும், அதுவும் நடுவுல இல்லாம ஒதுங்கி, முனையும் மொட்டையா இருந்தா ரொம்பப் பழசு. கீல் மட்டும் பிற்பாடு மாத்தியிருக்கலாம், ஒரு ஆணியை வெச்சு முடிவு கட்டாதீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பார்த்தேங்க. கருங்கோடு இருக்கு. ஆணியெல்லாம் தட்டி மடிச்சது, திருகாணி ரெண்டே ரெண்டு, பூட்டுகிட்ட. ஒற்றை வெட்டு, ஒதுங்கித்தான் இருக்கு. துபாய்ல இருக்கிற மாமா பையன் "நானே எடுத்துட்டுப் போறேன்"ங்கறான்.

தலச்சேரி மருமகன்:
அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நூறு வருஷம் தாண்டின பழம்பொருளை 1972 சட்டப்படி தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. ஈட்டிங்கறதால மரத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஏர்போர்ட்ல மாட்டினா பெட்டியும் போச்சு.

விலைக்கு, மூடி திறந்தது, அடிப்பலகை, பூட்டு, கீல் எல்லாத்தையும் வெயில் படாத வெளிச்சத்துல படமெடுங்க, பக்கத்துல ஸ்கேல் வெச்சு. கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவுலயும் காரைக்குடியிலயும் ரெண்டு மூணு கடைக்குக் காட்டுங்க. கடையில மாட்டியிருக்கிற விலை உங்க கைக்கு வராது, அவங்களுக்கும் லாபம் வேணுமே. வார்னிஷ் மட்டும் அடிச்சுடாதீங்க, பழைய மேற்பூச்சு போனா பாதி மதிப்பு போகும். அப்புறம், அம்முச்சி சொத்துல சித்திக்கும் பங்கு இருக்கும், விக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வண்டிக்காரர் வந்தார். படம் எடுத்து வேற இடத்துலயும் கேட்கணும்னதும் தானாவே எட்டாயிரம்னார். மோர் குடுத்து அனுப்பிட்டேன். சித்திதான் இன்னும் கோபமா இருக்காங்க, பெட்டி ஒரு பக்கம் மட்டும் மின்னுதாம்.