மிச்சிகன்ல ஸ்கூல்ஸ் ஆஃப் சாய்ஸ் அனுபவம் இருக்குறவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், டெட்ராய்ட் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்ககிட்ட ஒரு உதவி. எங்க ஊர் ஹைஸ்கூல்ல பிள்ளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது, அதனால ஸ்கூல்ஸ் ஆஃப் சாய்ஸ்ங்குற திட்டத்துல பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பிள்ளைங்களையும் சேத்துக்கலாமான்னு ஸ்கூல் போர்டு யோசிக்குது, அடுத்த வாரம் மீட்டிங், நானும் பேசுறேன்னு பேர் குடுத்துட்டேன்.

"நாம கட்டுற வரியில அவங்க ஏன் படிக்கணும்"னு நெறைய பேர் கேக்குறாங்க. ஆனா 1994ல மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு ஸ்கூல் நிதி முறையை மாத்துன ப்ரபோசல் ஏ வந்ததுலேர்ந்து ஸ்கூல் நடத்துற செலவுக்கு தலைக்கு இவ்வளவுன்னு மாநிலம்தான் கணக்கு பண்ணுது, பிள்ளை எங்க படிக்குதோ பணமும் அங்கதான் போகும். கட்டடத்துக்கு வாங்குற பாண்டு கடன் உள்ளூர் சொத்து வரியில அடையுறது, அந்த விஷயத்துல அவங்க கேக்குறது நியாயம்தான். என்னை உறுத்துறது வேற, இங்க வர்ற பணம் அந்தப் பிள்ளையோட சொந்த ஊர் ஸ்கூல்ல குறையுமே, அவங்களே ஏற்கெனவே கஷ்டத்துல இருக்காங்க. பஸ் விடணும்னும் கட்டாயம் இல்ல, கார் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி வரும்?

உங்க டிஸ்ட்ரிக்ட்ல இப்படி சேத்துருக்காங்களா? க்ளாஸ்ல நெரிசல் ஆச்சா, வெளியேர்ந்து வந்த பிள்ளைங்க மத்தவங்களோட ஒட்டினாங்களா? உங்க பிள்ளையே அப்படி போயிருந்தா கண்டிப்பா எழுதுங்க, புதன்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.