கேட்காமல் எடுத்த உடல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படித்தவர்கள், அந்தக் கதை நிஜத்தில் எதிரே வந்து நின்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

லண்டனில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹன்டேரியன் அருங்காட்சியகத்துக்குப் போனேன், உடற்கூறு மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். 2017இல் புதுப்பிப்பதற்காக அதை மூடினார்களே, அதற்கு முன்பு. உயரமான கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு, பழுப்பு நிறத்தில். விலா எலும்புகளே என் கண்ணுக்கு மேலேதான் தொடங்கின. முகத்தைப் பார்க்க நன்றாக அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் சார்ல்ஸ் பைர்ன், அயர்லாந்துக்காரர். உயரம் 7 அடி 7 அங்குலம். அந்த உயரத்தை லண்டனில் காசுக்குக் காட்டிப் பிழைத்தவர், 1783இல் 22 வயதில் இறந்துபோனார். தன் உடம்புக்காக அறுவை மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சியிருக்கிறார். ஆனால் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றிவிட்டார். கொதிக்கவைத்துச் சதையை நீக்கி, சில ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்து, பிறகு தன் சேகரிப்பில் நிறுத்தினார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹன்டரின் உருவப்படத்தைப் பாருங்கள், மேல் ஓரத்தில் அந்த எலும்புக் கால்கள் தொங்கும். மருத்துவரின் பெருமைக்கு அது அடையாளமாம்!

வீட்டுக்கு வந்து நாவலை மறுபடி எடுத்தேன். செத்தவர்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுக்கும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், தன் படைப்புக்குத் தேவையான பொருள்களைப் பிணக்கிடங்கிலும் அறுவைக்கூடத்திலும் கசாப்புக் கூடத்திலும் சேகரிக்கிற பக்கம். எலும்புகளைத் தேடி எடுத்ததைச் சொல்கிறானே தவிர, அவை யாருடையவை என்று அவன் ஒரு வரி யோசிப்பதில்லை. திகில் கதைக்கான மிகையாக எனக்கு இது தோன்றவில்லை. அந்தக் காலத்து லண்டனில் நடந்ததுதான்.

*

அக்கா, நீங்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இளங்கலை விலங்கியலில் தவளையின் கெண்டைக்கால் தசையை கைமோகிராஃப் என்ற, அசைவைக் கோடாக வரையும் கருவியில் கட்டிச் செய்யும் சோதனை எங்களுக்கு இருந்தது. மின்சாரம் தொட்டதும் தசை சுண்டும், சுழலும் உருளையில் புகை படிந்த தாளில் வெள்ளைக் கோடு ஒன்று ஏறி இறங்கும். மதிப்பெண்ணுக்காகச் செய்த சோதனைதான். ஆனால் செத்த காலொன்று துடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகு, மின்சாரத்தால் தவளைக் கால் துடிப்பதை ஆராய்ந்த இத்தாலியர் கால்வானிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிந்தது.

அவருடைய அக்கா மகனோ தங்கை மகனோ, ஜியோவானி ஆல்தினி என்பவர், இதை மனிதரிடம் செய்தார். 1803 ஜனவரியில் லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபோர்ஸ்டரின் உடலில் மின்கலத்தை இணைத்தபோது தாடை நடுங்கி, ஒரு கண் திறந்ததாம், கை முறுக்கி உயர்ந்ததாம். கொலைக்குற்றவாளியின் உடலை அறுத்து ஆராயக் கொடுக்கும் சட்டம் 1752இலிருந்தே இருந்தது, அதனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்போது மேரிக்கு 5 வயது. 1831 பதிப்பின் முன்னுரையில் அவரே கால்வானிசத்தை, அதாவது உடலை மின்சாரத்தால் இயக்கும் இந்தச் சோதனைகளை, குறிப்பிடுகிறார். நாவலில் அந்தப் படைப்பு முதலில் திறப்பதும் மங்கிய மஞ்சள் கண்ணைத்தான். அதைப் பார்த்ததும் விக்டர் ஓடிவிடுகிறான். அவன் செய்த பாவம் அந்த ஓட்டம்தான் என்று நான் நினைக்கிறேன்.

*

தம்பி சொன்ன ஓட்டத்தைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன், ஆனால் வேறு இடத்திலிருந்து.

நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். எங்கள் இன்குபேட்டரில் 37 டிகிரியில் ஹீலா என்ற மனிதச் செல்கள் எப்போதும் இருக்கும். இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் ஊற்றிய ஃபிளாஸ்க். ஒட்டுதலை விடுவிக்கும் ட்ரிப்சின் நொதியை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டையாக ஒட்டியிருந்த செல்கள் ஒவ்வொன்றாக உருண்டு பிடிவிட்டு மிதக்கும். பிரித்து வேறு ஃபிளாஸ்க்குக்கு மாற்றினால் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும். சேர்ந்த புதிதில் லேபிளில் இருந்த பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சீனியர்தான் சொன்னார், ஹீலா என்பது ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் பெயரின் சுருக்கமென்று.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த கறுப்பினப் பெண். 1951இல் 31 வயதில் இறந்தார். அவரது கட்டியிலிருந்து எடுத்த செல்களைப் பற்றி அவருக்கும் சொல்லவில்லை, குடும்பத்துக்கும் சொல்லவில்லை. போலியோ தடுப்பூசி முதல் எத்தனையோ ஆராய்ச்சி அந்தச் செல்களால் நடந்தது. 1970களில்தான் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தது. வெகுகாலம் அவர் பெயரை 'ஹெலன் லேன்' என்று தவறாக வேறு எழுதினார்கள். விக்டரின் படைப்புக்கும் கடைசிவரை பெயர் கிடையாது.

செல்களை வளர்த்தெடுத்த ஜார்ஜ் கே பேராசைக்காரர் அல்ல, கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். என்னை உறுத்துவதே அதுதான். நல்ல நோக்கத்தோடு, நல்ல மனிதர்களே செய்த காரியம். விக்டரும் நோயை ஒழிக்க வேண்டும் என்றுதானே தொடங்கினான்? புதிதாகச் சேரும் மாணவர்களிடம் செல்லைக் கொடுப்பதற்கு முன் அந்த அம்மாவின் கதையை நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் பைப்பெட்.

*

எழுதிய இருவருக்கும் நன்றி. பைர்ன் விஷயத்தில் நடப்பு நிலவரம்: அருங்காட்சியகம் 2023இல் மறுபடி திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் என்று சொல்லி இன்னும் தாங்களே வைத்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்ல மாட்டேன். 2011இல் அவரது பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் ஏஐபி என்ற மரபணுவில், அளவுமீறிய வளர்ச்சிக்குக் காரணமாகும் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், வட அயர்லாந்தில் அதே மாற்றம் உள்ள குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கிறது. சரி, தேவையானது கிடைத்துவிட்டது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவர் கேட்டார்கள், இனியாவது அவர் விரும்பியபடி கடலில் சேர்த்துவிடலாமே என்று. நானும் அந்தக் கட்சிதான். உங்களில் மருத்துவம் படித்தவர்கள் இதற்கு எதிராகச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.