மைத்துனருக்குத் தனித் தட்டு: வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (திருச்செங்கோடு வாசகர்):
ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் வடமாநிலங்களுக்குச் சென்று பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மைத்துனருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, உடல் தேறி, இப்போது ஊரிலேயே இருக்கிறார். என் மாமியாரோ அவருடைய தட்டிலும் டம்ளரிலும் நகப்பூச்சால் புள்ளி வைத்து, கழுவிய பிறகும் அவற்றைத் திண்ணையிலேயே கவிழ்த்து வைக்கிறார். மாரியம்மன் நோம்பி விருந்தில் எல்லோருக்கும் வாழை இலைதான் என்றாலும், அவரைப் பந்தியில் உட்காரவைக்க வேண்டாம் என்கிறார். உறவினர்களிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடலாமா?

பதில் 1 (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவர், ஈரோடு):
அவரைத் தாராளமாகப் பந்தியில் உட்காரவையுங்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளில்தான் எச்.ஐ.வி. பரவுமே தவிர, எச்சில், வியர்வை, கொசுக்கடி, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் பரவுவதில்லை. மேலும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்கும்போது, உடலுறவின் வழியாகவும் தொற்று பரவாது. மருமகன் சொன்னால் மாமியார் கேட்பார் என்று நான் நம்பவில்லை! மைத்துனருக்குச் சம்மதம் என்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கச் செல்லும்போது மாமியாரையும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துச் சென்று ஆலோசகரிடம் பேசவையுங்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மைத்துனருக்கு இருமலோ காய்ச்சலோ எடை இழப்போ இருந்தால், தள்ளிப்போடாமல் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பதில் 2 (திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி):
நானும் தொற்றுடன் வாழ்பவள். உறவினர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மைத்துனர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்; அவர் சம்மதமின்றி நீங்கள் சொல்லக் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த இரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. வேலையிலும் சிகிச்சையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. எனக்குத் தைரியம் வந்தது, தொற்றுள்ளோர் சங்கக் கூட்டத்தில் என்னைப் போன்ற பெண்கள் குழந்தைகளின் பள்ளிக்கூடக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான். அப்படிப்பட்ட சங்கம் அருகில் இருக்கிறதா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் விசாரியுங்கள்.

பதில் 3 (நாமக்கல் வாசகர்):
மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 2004இல் அரசின் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு, எங்கள் லாரித் தொழிலில் இருந்த இளைஞர்கள் மெலிந்து இறந்ததைக் கண்ட தலைமுறை அது; அவர் மனத்தில் நிற்பது அந்தக் காலத்து எய்ட்ஸ். மாத்திரை சாப்பிடும் மகன் தோட்டத்து வேலை செய்வதை அவர் நாள்தோறும் பார்க்கட்டும். சந்தேகம் எழும்போது பெயர் சொல்லாமலே 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணில் கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.