சூப்பர் ஹீரோ, பயோபிக் படங்கள்: பார்த்தபோது நடந்ததைச் சொல்லுங்கள் (நீலகிரி, கொடைக்கானல் ஆட்கள்)

அருவங்காடு ஷிஃப்ட்

கதை எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2024 தீபாவளிக்கு மேஜர் முகுந்த் வரதராஜன் கதையாக அமரன் வந்ததே, அதற்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். வெலிங்டன் பேரக்ஸ் பக்கம் பஸ் போனால் இன்றைக்கும் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்காருவார். எங்கள் லைனில் இருக்கும் பொடிசுகளுக்கு 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்தச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அதனால் படம் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

இடைவேளை வரை நன்றாக இருந்தார். சிவகார்த்திகேயன் தொப்பி வைத்திருக்கும் சாய்வு சரியில்லை என்று ஒரு குறை சொன்னார். பாப்கார்ன் உப்பு என்றார், ஆனாலும் முடித்துவிட்டார். கடைசி ராணுவ ஆபரேஷன் ஆரம்பித்ததும் மடியில் வைத்திருந்த குரங்குக் குல்லாவை எடுத்துச் சுருட்டினார். சுருட்டுவார், பிரிப்பார், மறுபடியும் சுருட்டுவார். கை மட்டும்தான் அசைந்தது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் கூடப் போகவில்லை. படம் முடியும் வரை உட்கார்ந்துவிட்டேன். அதுவே தப்பு, அதற்கு மேல் இன்னொன்று.

திரும்பும்போது பர்லியாறு தாண்டும் வரை பேச்சே இல்லை. ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் கேட்டார்: "மேஜர் போயிட்டார்னு தெரியும். கூடப் போன அந்தப் பையன், விக்ரம் சிங், அவன் பிழைச்சானாடா?"

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீர் ஷோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜனோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிர் விட்டார். அது எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே "பிழைச்சுட்டான்பா" என்றேன்.

"சரி" என்றார். குல்லாவை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

இப்போது நெட்ஃபிளிக்ஸில் என் பையன் அந்தப் படத்தை எடுத்தாலே ரிமோட்டைப் பிடுங்கிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு படம் மாட்டியிருக்கிறதா?

கோத்தகிரி ஹட்டிக்காரி

அண்ணா, அமரன் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, மன்னிக்கவும். சாய் பல்லவி கோத்தகிரியில் பிறந்த பொண்ணு என்பதால் இங்கே எந்த ஹட்டிக்கு (படுகர் ஊர்) போனாலும் யாராவது ஒருவர் சொந்தம் கொண்டாடுவார். எங்கள் ஹெத்தெ, அதாவது பாட்டி, சொந்தமெல்லாம் இல்லை, ஆனால் அந்தப் பொண்ணு பேரில் அவருக்கு ஒரு உரிமை. மொபைலில் படம் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் பார்த்தார். அப்புறம் திரையில் விரலை வைத்து, "இவ ஏன் மலையாளம் பேசறா? நம்ம பாஷை மறந்து போச்சா?" என்றார்.

இல்லை ஹெத்தெ, இது இந்து என்கிற நிஜமான ஒருத்தரின் கதை, அவர் மலையாளி என்று சொன்னேன். "அப்ப அந்தப் பொண்ணையே நடிக்க வச்சிருக்கலாமே" என்று மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளை முண்டைச் சரிசெய்துகொண்டு தேயிலை கிள்ளப் போய்விட்டார். நடிப்பு என்றால் என்ன என்று அவரிடம் விளக்க முயன்று மூன்று நாள் வீணாகிவிட்டது. இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

உங்கள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பாட்டவயல் வழி

எனக்கு லோகா, மலையாள சூப்பர் ஹீரோ படம். 2025 ஆகஸ்ட் கடைசியில் வந்தது, கல்யாணி பிரியதர்ஷன், யட்சி நீலி, அதெல்லாம் தெரிந்திருக்கும். கூடலூர் பக்கம் இருக்கிறவனுக்கு மலையாளப் படம் என்றால் சுல்தான் பத்தேரிதான். நானும் கூட்டாளியும் பைக்கில் போய் ஃபர்ஸ்ட் ஷோ பார்த்தோம். படம் சூப்பர். வில்லன் இன்ஸ்பெக்டராக நம்ம சாண்டி மாஸ்டர். டான்ஸ் ஆடுகிற மனுஷன் சும்மா நின்று பார்த்தாலே பயமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பாட்டவயல் செக்போஸ்ட் தாண்டி வருகிறோம். மழை விட்டு மூட்டம். பின்னால் உட்கார்ந்தவன் "நீலி வர்றா, நீலி வர்றா" என்று காதில் ஊதிக்கொண்டே வந்தான். பிதர்காடு வருவதற்கு முன்னால் ஒரு பஸ் ஸ்டாப் ஷெட். உள்ளே வெள்ளையாக ஒரு உருவம். பிரேக்கை அழுத்தியதில் வண்டி அரை வட்டம் போட்டுவிட்டது.

நர்ஸ் சேச்சி. டியூட்டி முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். கையில் செல்போன் டார்ச், அதையும் உள்ளங்கையால் மூடியிருந்தார். விரல் சந்துகளில் மட்டும் சிவப்பாக வெளிச்சம். சத்தமே வராமல் பேசினார்: "தம்பி, ஹாரன் அடிக்காதீங்க. வளைவுல கொம்பன் யானை நிக்குது. திருப்புங்க."

திருப்பினோம். ஒரே மூச்சில் இரண்டு கிலோமீட்டர் பின்னால் வந்து, பூட்டிய கடை ஒன்றின் முன்னால் நிறுத்தி, கூட்டாளி என் முகத்தைப் பார்க்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். சேச்சியை ஏற்றவில்லை. "வர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

மூன்று பேர் ஏற முடியாது, ரோடு வழுக்கல் என்று அப்போது ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அரை மணி கழித்து எதிரே ஒரு ஜீப் வந்தது, அதன் பின்னாலேயே போனோம். ஷெட் காலியாக இருந்தது. அடுத்த நாள் விசாரித்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த விரல் சந்து வெளிச்சம் போகமாட்டேன் என்கிறது.

ஊட்டி மேல் பஜார்

முதல் பதிவு போட்டவருக்கு: பொய் சொன்னது பெரிய விஷயம் இல்லை. ஆனால் ராணுவப் படம் என்றாலே அமரன் அமரன் என்கிறீர்களே, மலையில் இருந்துகொண்டு சாம் பகதூர் படத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அதன் நாயகன் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா எங்கே குடியிருந்தார்? குன்னூரில். எங்கே இறந்தார்? 2008 ஜூன் 27, வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில், 94 வயதில். எங்கே அடக்கம் செய்தார்கள்? நம்ம ஊட்டியில், பார்சி கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூ பக்கத்தில். 1971 போரை ஜெயித்துக் கொடுத்த மனுஷன். ஊட்டிக்கு வருகிற டூரிஸ்ட் எந்தப் பாட்டு எங்கே எடுத்தது என்று மரம் மரமாகக் கேட்பான். இதை ஒருத்தன் கேட்டதில்லை.

படம் 2023 டிசம்பர் 1 அன்று, அனிமல் வந்த அதே நாளில் வந்தது. கேட்கவா வேண்டும், அடிபட்டுவிட்டது. நான் ஓடிடியில்தான் பார்த்தேன். தாத்தாவும் கூட உட்கார்ந்தார். அவர் அந்தக் காலத்தில் குன்னூரில் பிரெட், வர்க்கி சப்ளை செய்தவர், துரையைத் தெருவில் பார்த்திருக்கிறேன் என்பார். விக்கி கௌஷல் ஒரு மாதிரி தோளைச் சாய்த்து நடக்கிறாரா, தாத்தா எழுந்து ஹாலில் நடந்து காட்டினார். எண்பத்தேழு வயது, முட்டி வலி, கையில் கம்பு. கம்பைச் சோபாவில் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, டிவிக்கும் கதவுக்கும் நடுவே எட்டு எட்டு வைத்தார். "இப்படி" என்றார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், உட்கார முடியவில்லை. நான் சிரித்துவிட்டேன். பிப்ரவரியில் தாத்தா போய்விட்டார்.

படத்தில் ஒரு நல்ல விஷயம், மானெக்‌ஷா மேல் விசாரணை போட்டு அலைக்கழித்த கதையைக் காட்டியிருக்கிறார்கள். அப்போது அவர் இங்கே வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் கமாண்டன்ட். சூப்பர் ஹீரோ படமெல்லாம் எனக்கு ஆகாது. பறக்கிறவனுக்கு என்ன வீரம்?

பாட்டவயல் வழி

மேல் பஜார் அண்ணே, மின்னல் முரளி பாருங்கள், அப்புறம் பேசுங்கள். அதில் வில்லனாக வரும் குரு சோமசுந்தரம் நம்ம மதுரைக்காரர். சக்தி கிடைத்தும் ஒரு டீக்கடையில் வேலை செய்துகொண்டு அழுகிற மனுஷன். வீரம் பறப்பதில் இல்லை என்று அந்தப் படமே சொல்கிறது.

ஊட்டி மேல் பஜார்

வில்லனுக்காகப் படம் பார்க்கச் சொல்கிறீர்கள். நல்லது.

கோத்தகிரி ஹட்டிக்காரி

சண்டை வேண்டாம். சாம் பகதூரில் சில்லூ அம்மாவுக்கு எத்தனை சீன் என்று எண்ணிச் சொல்லுங்கள் பார்க்கலாம். தாத்தா விஷயம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது அண்ணா.

அப்சர்வேட்டரி ரோடு, கொடை

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. ஓப்பன்ஹைமர், 2023 ஜூலை, மதுரையில். மூன்று மணி நேரப் படம், போக வர ஏழெட்டு மணி நேரப் பயணம். மாமனாரின் ஆசை. அவர் பல வருஷம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர், விஞ்ஞானி இல்லை, கருவிகளைத் துடைத்து எண்ணெய் போடும் வேலை.

படம் முழுக்கப் பேச்சு, பேச்சு. பாதிக் கூட்டம் போனில் இருந்தது. 1945 ஜூலை 16, முதல் அணுகுண்டு சோதனைக்காக வெடிக்கிறது. திரை முழுக்க நெருப்பு, சத்தமே இல்லை. வெளிச்சம் முதலில் வரும், சத்தம் தூரத்திலிருந்து நடந்து வரவேண்டும் இல்லையா? இடி மின்னலில் நாம் ஒன்று இரண்டு எண்ணுவோமே, அதேதான். மொத்த அரங்கமும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின் வரிசையில் ஒரு சின்னப் பையன், தெளிவாக: "அப்பா, புஸ்ஸுன்னு போயிடுச்சா?"

அரங்கமே சிரித்தது. நானும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சத்தம் வந்தது. நாற்காலி நடுங்கியது. பையன் வீறிட்டு அழ ஆரம்பித்தான், அவன் அப்பா தூக்கிக்கொண்டு இருட்டில் படியில் ஓடினார். மாமனார் மட்டும் சிரிக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்ததும், "ரொம்ப நேரம் இழுத்துட்டான்" என்றார். எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தார்கள், எத்தனை செகண்ட் ஆகியிருக்கும் என்று வத்தலக்குண்டு வரை கணக்கு. நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

காட் ரோடு ஏறும்போது அவர் சொன்னதுதான் இங்கே எழுதக் காரணம். "1909-ல நம்ம ஊர்ல உட்கார்ந்துதான் எவர்ஷெட் சூரியப் புள்ளியில வாயு வெளியே ஓடுறதைக் கண்டுபிடிச்சார். ஊரை அழிச்சவனுக்கு மூணு மணி நேரம், இவருக்கு ஒரு பாட்டுகூட இல்லை." நான் கண்ணைத் திறக்கவில்லை. பேசியிருக்கலாம்.

மசினகுடி ஜீப்

நான் கடைசியாகப் பார்த்தது 2025 சூப்பர்மேன். நாய் நன்றாக இருந்தது.

பாட்டவயல் தம்பிக்குச் சில விஷயம் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில், அந்த ரோட்டில் ராத்திரி பைக் எதற்கு? ஜீப்பே யோசித்துத்தான் எடுப்போம். இரண்டாவது, யானை நிற்கிறது என்று தெரிந்தால் ஹை பீம் அடிக்கக் கூடாது, ஹாரன் கூடாது, இறங்கி வீடியோ எடுக்கவே கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுக்கவேண்டும். ரோட்டில் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டால் எஞ்சினை உறுமவிடாதே. ஒற்றைக் கொம்பன் என்றால் ஒரு மாதிரி, குட்டியோடு இருக்கும் தாய் என்றால் வேறு மாதிரி, தாய் யோசிக்காது. காது விரிந்து ஆடாமல் நின்றுவிட்டால் அப்புறம் உனக்கு நேரம் இல்லை. வனத்துறை ஆட்கள் நம்பர் இரண்டாவது போனில் இருக்கட்டும், ஈரத்தில் முதல் போன் போய்விடும். எங்கள் பக்கம் தெப்பக்காடு பந்திப்பூர் ரோட்டில் ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டியே விடமாட்டார்கள், அது நல்லதுக்குத்தான். கல்லட்டியில் முப்பத்தாறு வளைவு, அதில் செகண்ட் கியருக்கு மேல் போட்டால் பிரேக் காய்ந்து நாற்றம் வரும், இது யானைக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அருவங்காடு அண்ணனுக்கும்: பர்லியாறுக்கு மேல் மூடுபனியில் வெள்ளை ஹெட்லைட் பிரயோஜனமில்லை. மஞ்சள் ஃபாக் லைட் போட்டிருக்கிறீர்களா?

பாட்டவயல் வழி

அண்ணே, சேச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மசினகுடி ஜீப்

என்ன சொல்ல? ஷெட்டுக்குள்ளே சத்தம் போடாமல் நின்றதுதான் சரி. உன் பைக்கில் ஏறியிருந்தால்தான் ஆபத்து. ஆனால் கேட்டிருக்கணும் தம்பி.

அருவங்காடு ஷிஃப்ட்

ஃபாக் லைட் மஞ்சள்தான் அண்ணே.

கோத்தகிரித் தங்கச்சி சொன்னபடி சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று நான் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் பையன் படத்தைப் போட்டுவிட்டான். கதவைத் திறக்கிறேன், சரியாகக் கடைசி ஆபரேஷன். குல்லா சோபாவில் கிடக்கிறது. அப்பா பின்பக்கம் நின்று கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் ஆறு மணிக்கே போட்டுவிடுவார், அப்போது மணி எட்டரை. "இந்தத் தாழ்ப்பாள் நிக்க மாட்டேங்குது, நாளைக்கு ஒரு ஸ்க்ரூ வாங்கிட்டு வா" என்றார். இன்று வாங்கிவந்து போட்டேன். பழைய ஸ்க்ரூ நன்றாகத்தான் இருந்தது.