என்.சி.சி.யில் பழகிய 303, வயலில் கண்ட 315

கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் 303 ரைஃபிள் (பிரிட்டிஷ் படையின் பழைய லீ என்ஃபீல்டு, குழல் அளவு 0.303 அங்குலம்) சுட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலைப் பூட்டும் அந்தப் போல்ட்டைப் பழகிய கை அதை மறப்பதில்லை என்பதை உத்தரப் பிரதேசத்தில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

அங்கே எனக்கு அறிமுகமான விவசாயி ஒருவரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்துடன் 315 ரைஃபிள் இருந்தது. தோட்டாக்கள் அடங்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். அந்த ஒழுங்கைப் பார்த்ததுமே அவர் மேல் மரியாதை வந்தது.

303-இல் குழலின் நுனி வரை மூடியிருக்கும் மரம் இதில் இல்லை. முன்பாதிக் குழல் வெறுமையாக இருந்தது. பயனெட் என்னும் முனைக்கத்தியைப் பொருத்தும் மூக்கு இல்லை. பத்துத் தோட்டா மேகசினுக்குப் பதில் ஐந்து. ஆனால் போல்ட்டை முன்னே தள்ளினேன், கடைசி அங்குலத்தில் வில் இறுகி எதிர்த்தது. அதே லீ என்ஃபீல்டு! நிமிடத்துக்குப் பதினைந்து குறி தவறாத வெடிகள் என்று பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பழக்கிய போல்ட் இயக்க அமைப்பு, அப்படியே வயலுக்கு வந்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை படைக்காக 303 செய்த இடம். 315 வந்ததும் அங்கிருந்துதான்.

என்னை மிகவும் ஈர்த்தது தோட்டாதான். படையின் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது வெள்ளையர் காலத்து அச்சம். 303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான். அதனால் 1890களில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை பயன்படுத்திய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 8 மில்லிமீட்டர் என்பது அங்குலத்தில் 0.315, பெயர் வந்தது அப்படித்தான். 303 தோட்டாவைப் போலவே அதற்கும் அடியில் விளிம்பு உண்டு, மொத்த நீளமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே குழலை மாற்றினால் போதும், இயக்கத்தில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. ஆஸ்திரியா 1930களிலேயே வேறு தோட்டாவுக்குப் போய்விட்டது. நம் ஊரில் அது நிலைத்துவிட்டது.

போருக்குப் பின் கனடாவிலும் அமெரிக்காவிலும் மலிவாகக் கிடைத்த படைத் துப்பாக்கிகளின் மரத்தையும் குழலையும் அறுத்தே மான் வேட்டைக்கு மாற்றினார்கள். ஏழை வேட்டைக்காரனுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. இருந்தாலும் முழுதாக எஞ்சியிருக்கும் பழைய துப்பாக்கியை இன்று ஒருவர் அறுத்தால் எனக்கு மனம் பொறுக்காது. வேட்டைக்கென்றே புதிதாகச் செய்த 315 அந்த வகையில் நேர்மையானது.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை ஏது? கோதுமையை மிதிக்கும் நீல்காய் என்ற பெரிய மானினத்தைச் சுடக்கூட அனுமதி வேண்டும். அந்த விவசாயி பெரும்பாலும் விரட்டுவதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

இந்தியச் சந்தைக்காக இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த பழைய 315 ரைஃபிளை யாராவது கையாண்டிருக்கிறீர்களா? அதன் போல்ட் ஓட்டம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.