வாய்வழி உறவு: எந்தப் பரிசோதனை, எங்கிருந்து எடுப்பது, எத்தனை நாளில்?

நொச்சிக்காடு கேட்டது:

வாய்வழி உறவு என்றாலே எல்லாரும் எச்.ஐ.வி.யைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "ரிஸ்க் ரொம்பக் கம்மி, பயப்படாதே" என்று ஒரு வரி, அதோடு சரி. மற்ற பால்வினை நோய்களுக்கும் அதே பதில்தானா? தனியார் லேப்களின் 'எஸ்.டி.டி. பேக்கேஜ்' பட்டியலைப் பார்த்தால் ரத்தமும் சிறுநீரும் மட்டும்தான் இருக்கிறது. வாயில் நடந்ததைச் சிறுநீரில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று புரியவில்லை.

வாயால் செய்தவர், செய்துகொண்டவர் இருவருக்கும் ஒரே பரிசோதனைதானா? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? மவுத்வாஷ் கொப்பளித்தால் உபயோகம் உண்டா? பெண்ணுக்குச் செய்யும்போது என்ன பாதுகாப்பு? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

---

கண்ணாடித்தகடு:

எச்.ஐ.வி.யை முதலில் முடித்துவிடலாம். எச்சிலால் பரவாது. வாய்க்குள் விந்து போய், ஈறில் ரத்தக் கசிவோ புண்ணோ இருந்தால் வாய்ப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குதவழி, யோனிவழி உறவோடு வைத்துப் பார்த்தால் மிகச் சொற்பம். நான்காம் தலைமுறை ரத்தப் பரிசோதனை 45 நாளில், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ரேப்பிட் கிட் 90 நாளில். இரண்டில் எதுவானாலும் அதற்குரிய நாளில் நெகட்டிவ் என்றால் அந்தக் கணக்கு முடிந்தது.

இனி தொண்டை. உங்கள் சந்தேகம் நியாயமானது. கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி எங்கே விழுந்ததோ அங்கேதான் ஒட்டி வளரும். தொண்டையில் இருப்பதைச் சிறுநீரில் தேடினால் 'இல்லை' என்றுதான் வரும். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை, தேடிய இடம் தப்பு. அதிலும் தொண்டைக் கொனோரியா பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் காட்டாது. தொண்டை கரகரக்கிறது என்று வருபவர்களில் பலருக்கு வெறும் ஜலதோஷம்; நிஜமாகவே கிருமி உள்ளவர் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே, வாயால் செய்தவருக்குத் தொண்டை ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரி. செய்துகொண்ட ஆணுக்குச் சிறுநீர், பெண்ணுக்கு யோனி ஸ்வாப். உறவு நடந்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால் நம்பலாம்.

லேப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது: "தொண்டை ஸ்வாப், கொனோரியா–கிளமிடியா பி.சி.ஆர்." கிளமிடியா இன்னொரு பால்வினை பாக்டீரியா; பி.சி.ஆர். கிருமியின் மரபணுவைத் தேடும் முறை. வெறுமனே 'த்ரோட் ஸ்வாப் கல்ச்சர்' என்று எழுதிக் கொடுத்தால், சாதாரணத் தொண்டை வலிக்குத் தேடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்காக, கிருமி வளர்க்கும் ரத்த அகார் தட்டில் போடுவார்கள். கொனோரியாவைப் பிரித்தெடுக்கத் தாயர்-மார்ட்டின் மாதிரித் தனி ஊடகம் வேண்டும். சொல்லாவிட்டால் அதைப் போட மாட்டார்கள். கிராம் ஸ்டெயினும் (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) தொண்டைக்கு உதவாது. கொனோரியாக் கிருமியின் அதே நைசீரியா குடும்பத்து அப்பாவிக் கிருமிகள் தொண்டையில் எப்போதும் குடியிருப்பவை. மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே ஜாடை.

ஸ்வாப் எடுக்கும் விதம்: நாக்கையும் கன்னத்தையும் தொடாமல் இரண்டு டான்சில், பின்சுவர் மூன்றிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஓங்கரிப்பு வந்தால் சரியான இடம். பட்டும் படாமல் எடுத்தால் காசுக்குக் கேடு. எடுக்கப் போகுமுன் மவுத்வாஷ் வேண்டாம்.

சிறுநீர் கொடுப்பவர் ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20–30 மில்லியைப் பிடிக்க வேண்டும். நீர்க்கடுப்புப் பரிசோதனைப் பழக்கத்தில் பலரும் முதலில் வருவதைக் கீழே விட்டு நடுவில் பிடிக்கிறார்கள். கிருமி அந்த முதல் சொட்டுகளோடு போய்விடும்.

---

ஊசிமுனை:

சிகிச்சைப் பக்கம். கொனோரியா உறுதியானால் இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதல்படி செஃப்ட்ரையாக்சோன் 500 மி.கி. தசையில் ஒரே ஊசி. எடை 150 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 1 கிராம். கிளமிடியா இல்லை என்று தெரியாதவரை அதோடு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை, 7 நாள். டாக்ஸியை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். கர்ப்பிணிக்கு டாக்ஸி கிடையாது, அசித்ரோமைசின் 1 கிராம்.

சிக்கல் எங்கே என்றால், அரசு பால்வினை நோய்ப் பிரிவில் கலர் கலராக மருந்துக் கிட் உண்டு. ஆண்குறியில் சீழ் என்று போனால் சாம்பல் நிறக் கிட்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி. மாத்திரை. சிறுநீர்ப் பாதைக்காக வகுத்தது அது. தொண்டைத் திசுவில் செஃபிக்சிம் போதிய அளவு சேராது. வாயிலும் உறவு நடந்தது என்று சொன்னால்தான் டாக்டர் ஊசியை யோசிப்பார். தொண்டைக்குச் சிகிச்சை எடுத்தவர் 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி ஸ்வாப் கொடுத்துப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். தொண்டையில்தான் மருந்து அதிகம் தோற்கிறது. துணைக்கும் சிகிச்சை, இருவரும் முடித்து 7 நாள் வரை உறவு வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் தொண்டை வலி என்று சொல்லி அசித்ரோமைசின் மூன்று நாள் வாங்கிப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கண்ணாடித்தகடு சொன்ன அந்த அப்பாவி நைசீரியாக்கள் ஒவ்வொரு முறையும் மருந்துக்குப் பழகிக்கொள்கின்றன. பிறகு கொனோரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், தாக்குப்பிடிக்கும் ஜீனை அதற்கும் கொடுத்துவிடும். மருந்துக்கு அடங்காத கொனோரியா உருவாகும் பட்டறையே தொண்டைதான்.

எனக்குக் கொனோரியாவைவிடக் கவலை சிபிலிஸ். தொற்றி 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், உதட்டிலோ நாக்கிலோ டான்சிலிலோ ஒரு புண். வலிக்காது, விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கும், கழுத்தில் நெறி கட்டும். வாய்ப்புண் என்று பி காம்ப்ளக்ஸ் சாப்பிடுவார்கள். 3–6 வாரத்தில் தானாக ஆறிவிடும், மாத்திரை கேட்டது என்று நினைப்பார்கள். ஆறியது புண் மட்டும்தான். அடுத்த கட்டத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்பு. வாய்க்குள் வெண்சாம்பல் திட்டுகள். அந்தத் திட்டு படு வேகமாகத் தொற்றும்.

ஆரம்பக் கட்டத்துக்கு பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. 12 லட்சம் குப்பி இரண்டு. ஒரு பக்கப் பிட்டத்துக்கு ஒன்று. தண்ணீர் விட்டுக் குலுக்கினாலும் பால் மாதிரித் திப்பியாகத்தான் இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வலிக்கும். அன்றைக்கே காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் பெரும்பாலும் கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் அடங்கும். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் அது வேறு, அலர்ஜி. அதனால்தான் ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது.

---

வேப்பங்கொழுந்து:

இருவரும் பாக்டீரியாவைப் பார்த்துக்கொண்டார்கள், நான் வைரஸுக்கு வருகிறேன்.

உதட்டோரத்தில் காய்ச்சலுக்குப் பின் கொப்புளமாக வருமே, 'அக்கி' என்று சிலர் செம்மண் பூசுவது, அது பெரும்பாலும் ஹெர்பீஸ் 1. அந்த வாயால் செய்தால் பிறப்புறுப்பில் அதே ஹெர்பீஸ். கொப்புளம் வருமுன் சுருக்கென்று குத்தும் நாளிலிருந்து, பொருக்கு உதிர்ந்து தோல் முழுசாக மூடும்வரை வாயை வைக்கக் கூடாது. புண் இல்லாத நாளிலும் வைரஸ் அவ்வப்போது வெளிவரும், அதை முழுசாகத் தடுக்க வழியில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கணவருக்கு உதட்டுக் கொப்புளம் வரும் பழக்கம், மனைவிக்கு வந்ததே இல்லை என்றால் வாய்வழி உறவே வேண்டாம். அப்போது புதிதாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணியின் யோனிக்குள் காற்று ஊதவும் கூடாது; ரத்தக் குழாயில் காற்றுக் குமிழ் ஏறி இறந்தவர்கள் உண்டு.

எச்.பி.வி. (பாலுறவில் பரவும் பாப்பிலோமா வைரஸ்) 16-ஆம் வகை, டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றுநோய் தருவது. அமெரிக்காவில் இந்த வகைத் தொண்டைப் புற்று இப்போது கருப்பைவாய்ப் புற்றைவிட அதிகம், அதுவும் ஆண்களிடம். நம் ஊர் வாய்ப்புற்றில் பெரும்பங்கு புகையிலை, பாக்குக் கணக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். இதற்கு வழி தடுப்பூசிதான், உறவு தொடங்குமுன் போட்டால் முழுப் பலன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. ஆசனவாயில் வாய் வைப்பவர்கள் ஹெபடைடிஸ் ஏ ஊசியையும் கேளுங்கள். வயிற்றுப்போக்கு தரும் ஷிகெல்லா, ஜியார்டியா எல்லாம் அந்த வழியில்தான்.

மவுத்வாஷ்: ஆஸ்திரேலியாவில் பெரிய சோதனையே நடத்திப் பார்த்தார்கள், தொண்டைக் கொனோரியா குறையவில்லை. உறவுக்குச் சற்றுமுன் பல் தேய்ப்பது, ஃப்ளாஸ் போடுவது இன்னும் மோசம், ஈறில் கீறல் விழும். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

பெண்ணுக்குச் செய்யும்போது டென்டல் டேம் என்று ஒரு மெல்லிய ரப்பர் ஷீட். நம் மருந்துக்கடையில் கேட்டால் முழிப்பார்கள். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் 6 அங்குலச் சதுரமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு ஆணுறையை முழுக்க விரித்து, நுனியையும் அடி வளையத்தையும் வெட்டி எறிந்து, பக்கவாட்டில் நீளமாக ஒரு வெட்டு. செவ்வகத் துண்டு தயார். எந்தப் பக்கம் உடம்பில் பட்டதோ அதையே கடைசிவரை வையுங்கள், திருப்பினால் போட்டதே வீண். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் லேட்டக்ஸ் சில நிமிடத்தில் இளகிக் கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டும்.

---

நொச்சிக்காடு:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று. டாக்டரிடம் 'வாயிலும்' என்று எப்படிச் சொல்வது? சட்டச் சிக்கல் ஏதும் வருமா? சிபிலிஸுக்கான டி.பி.எச்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தால் வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் என்ன ஆகும்?

---

ஊசிமுனை:

சட்டம்: 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். 2017 சட்டம் அது. சொல்லும் விதத்தில் கதை வேண்டாம்: "ஆணுறை இல்லாமல் வாய்வழி உறவு, இத்தனாம் தேதி, தொண்டை ஸ்வாப்பும் வி.டி.ஆர்.எல்.லும் வேண்டும்." வி.டி.ஆர்.எல். என்பதும் சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை. நேரில் சொல்லக் கூச்சம் என்றால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம், இலவசம். போனில் கேட்க 1097. சென்னைக்காரர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது.

டி.பி.எச்.ஏ. குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். அளக்க வேண்டியது வி.டி.ஆர்.எல். டைட்டர், அதாவது ரத்த மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற அளவு: 1:32 இருந்தது 1:8 ஆனால், அதாவது நான்கில் ஒன்றானால், மருந்து வேலை செய்தது என்று அர்த்தம். அந்த இறக்கத்துக்கு 6 முதல் 12 மாதம் பிடிக்கும். வளைகுடா மெடிக்கலில் சிபிலிஸும் உண்டு என்பதால் ஊசி போட்ட தேதி, டோஸ், முன்பின் டைட்டர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

---

கண்ணாடித்தகடு:

டைட்டரை ஒரே லேப்பில், ஒரே முறையில் பாருங்கள். ஒரு தடவை வி.டி.ஆர்.எல்., அடுத்த தடவை ஆர்.பி.ஆர். என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது. புண் வந்த முதல் வாரத்தில் இரண்டுமே நெகட்டிவ் காட்டலாம். உதட்டுப் புண் கண்ணெதிரே இருக்கும்போது அந்தச் சீட்டை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். உறவு நடந்து மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை மீண்டும் பாருங்கள்.